கிளட்ச் வேலையில் கியர் பாக்ஸை போல்ட் போட்டு இழுக்காதீர்கள்

கல்யாண மாதம் வந்தால் காரைக்குடிப் பட்டறைகளில் கிளட்ச் வேலை கூடும். வண்டி நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் அரை கிளட்சிலேயே ஊர்ந்தால் பிளேட் தேயத்தானே செய்யும்! ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, பேட்டரி வயரைக் கழற்று என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

போல்ட்டால் இழுப்பது

கியர் பாக்ஸைத் தூக்கி எஞ்சினோடு சேர்க்கும்போது கடைசி விரற்கடை இடைவெளியில் நின்றுவிடும். உடனே போல்ட்டை மாட்டி இறுக்கி இழுப்பார்கள். "போல்ட்டைப் போட்டா தானா உள்ள போயிரும்ணே" என்று எங்கள் பட்டறைப் பையனும் இழுத்தான். மறுநாள் பெண்ணழைப்புக்குப் போக வேண்டிய தேவகோட்டை வண்டி அது. முதல் கியர் கரகரத்தது, ரிவர்ஸ் விழவே இல்லை. கேபிளை எவ்வளவு திருகியும் பலனில்லை. மறுபடி இறக்கினால் புது பிளேட்டின் நடுவிலுள்ள ஹப் வளைந்து, பாக்ஸின் அலுமினிய ஹவுசிங்கில் போல்ட் மாட்டும் காதிலும் விரிசல். அவர்கள் வாடகை வண்டியில் போனார்கள். நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

பாக்ஸ் நிற்கிறதென்றால் பிளேட் மையத்தில் இல்லை, அல்லது பாக்ஸிலிருந்து நீளும் இன்புட் ஷாஃப்ட்டின் பல் ஹப்பின் பல்லோடு சேரவில்லை. மையம் பிடிக்கும் கருவி இல்லாவிட்டால் அதே மாடலின் பழைய இன்புட் ஷாஃப்ட்டை நுழைத்துக்கொண்டு, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பாக்ஸின் கனம் பிளேட்டில் தொங்கக் கூடாது, டிராலி ஜாக்கி தாங்கட்டும். பாக்ஸைக் கியரில் போட்டு, எஞ்சினின் கிராங்க் புல்லியை ஸ்பானரால் லேசாகத் திருப்பினால் பல் சேரும். இரண்டு முகமும் கைத்தள்ளலிலேயே ஒட்டிய பிறகுதான் போல்ட்.

ரிலீஸ் பேரிங்கை பெட்ரோலில் கழுவுவது

கிளட்சை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் பேரிங் இது. கழுவாதீர்கள். உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்துவிடும்.

"பிளேட் மட்டும் போதும்"

பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிய செலவு. பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். கிராங்கின் பின்பக்க ஆயில் சீலைத் தொட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் புது பிளேட் எண்ணெயில் ஊறி வழுக்கும். பேரம் பேசுகிற வண்டிக்காரரிடம் அந்த ஈரத்தை விரலில் காட்டிவிடுங்கள், பேச்சு குறையும்.

கிரீஸ்

ஷாஃப்ட்டின் பல்லில் மெல்லிய பூச்சு போதும். வழிந்தால் துடையுங்கள்.

தூசி

ஏர் அடிக்க வேண்டாம். பழைய பிளேட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.