பேரேரிக் கரையில் ஒரு பனி வாரம்: நெல்லைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி என்று எங்கே பார்த்தாலும், மகளின் பேறுகாலம் பார்க்கவோ மகன் வீட்டுக் கைக்குழந்தையைக் கவனித்துக்கொள்ளவோ அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் புறப்படும் பெற்றோர் இல்லாத தெருவை இப்போது காண்பது அரிது. அவர்களில் பலர் சென்று தங்கும் ஊர்கள் சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒன்டாரியோ என்னும் ஐந்து பேரேரிகளை ஒட்டி இருக்கின்றன. தை மாத இரவில்கூட 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே போவது அபூர்வமான ஊரில் வாழ்ந்து பழகிய உடம்புக்கு அந்தக் குளிர்காலம் கடினமானதுதான். பயண மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்குமானால் மே முதல் செப்டம்பருக்குள் போய் வாருங்கள் என்பதே என் முதல் யோசனை. ஆனால் பேறுகாலம் நாம் சொல்லும் மாதத்தில் வருவதில்லை. ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே இருக்க நேர்பவர்கள், விடாமல் பனி கொட்டும் ஒரு வாரத்தை எப்படிப் பத்திரமாகக் கடப்பது என்பதை எழுதுகிறேன்.

பனி எப்படி உண்டாகிறது

கோடை முழுவதும் வெயிலை வாங்கிய ஏரித் தண்ணீர் நவம்பரிலும் தன் சூட்டை முழுவதும் இழந்துவிடுவதில்லை. வடக்கே கனடாவிலிருந்து இறங்கும் கடுங்குளிர்க் காற்று அந்தத் தண்ணீரின் மேல் நெடுந்தூரம் கடந்து வருகையில், கீழிருந்து சூட்டையும் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு மேலெழும்பி மேகமாகத் திரண்டு, மறுகரையை அடைந்ததும் பனியாகக் கொட்டுகிறது. ஏரி நீருக்கும் தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் காற்றுக்கும் இடையில் 13 டிகிரி செல்சியசாவது வேறுபாடு இருக்க வேண்டும் என்பது வானிலையாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. காற்று நீரின் மேல் கடந்து வரும் தூரம் கூடக்கூடப் பனியும் கூடும்.

குற்றாலச் சாரலை அறிந்தவர்களுக்கு இதன் போக்கு எளிதில் பிடிபடும். ஆனி, ஆடியில் செங்கோட்டையில் குடையின்றி நடக்க முடியாத அதே நேரத்தில், ஆலங்குளம் தாண்டினால் வெறும் காற்றுதான் வீசும். திருநெல்வேலி டவுனில் சுள்ளென்று வெயில் அடிக்கும். ஏரிப் பனியும் அப்படியே ஒடுங்கிய பட்டையாகத்தான் விழுகிறது. 2014 நவம்பரில் ஈரி ஏரிக் கரையில் உள்ள பஃபலோ நகரின் தெற்குப் புறநகர்களில் ஒன்றரை மீட்டருக்கும் மேலாகப் பனி குவிந்தபோது, சில கிலோமீட்டர் வடக்கே இருந்த தெருக்களில் சில அங்குலங்களே விழுந்தன. 2022 நவம்பரில் அதே பகுதியில் உள்ள ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் ஆகிய ஊர்களில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் பனி கொட்டியது. எனவே நகரத்தின் பெயரைச் சொல்லி வானிலை கேட்டால் போதாது. உங்கள் பிள்ளையின் வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதையே கேட்க வேண்டும்.

புறப்படுமுன் வரைபடத்தில் அந்த வீட்டைக் குறித்துக்கொண்டு, அது ஏரிக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருவதால் ஏரிகளின் கிழக்கு, தெற்குக் கரைகளில்தான் பனி அதிகம். ஆகையால் மிச்சிகன் ஏரியின் மேற்குப் பக்கத்தில் உள்ள சிகாகோவை விட, எதிர்க்கரைப் பக்கம் இருக்கும் கிராண்ட் ராப்பிட்சும் கலமசூவும் ஏரிப் பனியை மிகுதியாகப் பெறுகின்றன. ஆண்டுதோறும் நடக்கும் தியாகராஜ ஆராதனையால் நம் சங்கீத ரசிகர்களுக்குப் பழக்கமான கிளீவ்லாந்திலும் கிழக்குப் புறநகர்களே பனிக்குப் பேர்போனவை. டொராண்டோவுக்கு ஏரிப் பனி குறைவுதான். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் வடக்கே போனால் வரும் பாரி நகரமோ ஹியூரான் ஏரியின் ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் பனியில் அடிக்கடி மூழ்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீட்டர்தான் என்பதால் அது மற்ற ஏரிகளுக்கு முன்னரே உறைந்துவிடும். உறைந்தபின் அதிலிருந்து வரும் பனி வெகுவாகக் குறைந்துவிடும். ஒன்டாரியோ ஏரியின் மிகுந்த ஆழம் 244 மீட்டர். அது முழுவதும் உறைவது அரிது என்பதால் அதன் கிழக்கே உள்ள டக் ஹில் மேட்டுப் பகுதியில் குளிர்காலம் முடியும்வரை பனிக்கு ஓய்வே இல்லை.

காற்றின் திசையைக் கவனித்தல்

பஃபலோவைப் போல் ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கும் ஊரில் ஒரு வாரம் பெரும்பாலும் இப்படிப் போகும். முதலில் தென்மேற்குக் காற்று ஏரியின் நீளவாக்கில் வீசி நகரத்தின் மேலேயே பட்டையை நிறுத்தும். காற்று மேற்காகத் திரும்பும்போது பட்டை தெற்குப் புறநகர்களுக்கு இறங்கும். வடமேற்காகிவிட்டால் இன்னும் தெற்கே மலைப்பாங்கான இடங்களுக்குச் சிதறிப் போகும். காற்று மறுபடி தென்மேற்கானால் பட்டையும் திரும்பி வரும். வெயில் அடிக்கிறதே என்று நம்பிக் கடைக்குப் புறப்பட்டவர்கள் பாதி வழியில் முன்னால் போகும் கார் தெரியாத பனிக்குள் நுழைந்துவிடுவது இதனால்தான். மணிக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை பனி குவியும் வேகத்தில், ஒரு மணி நேரத் தாமதம்கூட வீடு திரும்பும் வழியை அடைத்துவிடும்.

அமெரிக்காவில் 'வாட்ச்' என்று அறிவித்தால் பனிக்கு வாய்ப்பு உண்டு, ஆயத்தமாகுங்கள் என்பது செய்தி. 'லேக் எஃபெக்ட் ஸ்னோ வார்னிங்' வந்துவிட்டால் வெளியே போகும் பேச்சை விட்டுவிட வேண்டும். கனடாவில் 'ஸ்னோ ஸ்குவால் வார்னிங்' என்பார்கள். அமெரிக்காவில் பாரன்ஹீட் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது: அங்கே 32 என்றால் நமக்கு 0, அங்கே 0 என்றால் நமக்கு மைனஸ் 18.

வெப்பநிலையை மட்டும் பார்த்து உடுத்தாதீர்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20 போலப் படும். இந்த 'விண்ட் சில்' அளவு மைனஸ் 28க்குக் கீழே இறங்கினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம்.

உடுப்பும் மருந்தும்

கனமான மேல்கோட்டையும் பூட்ஸையும் இங்கே வாங்காதீர்கள். அங்குள்ள குளிருக்குத் தக்கவை அங்கேதான் கிடைக்கும். இங்கிருந்து கொண்டு போக வேண்டியது உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதுவும் பருத்தி கலக்காதது. பருத்தி வேர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். நமக்கு வெயிலில் இதமாக இருக்கும் அதே குணம் அங்கே உடம்பைச் சில்லிட வைத்துவிடும். தெர்மலின் மேல் கம்பளி, அதன்மேல் காற்றும் நீரும் புகாத கோட்டு என்று மூன்று அடுக்காக உடுத்த வேண்டும். பூட்ஸ் இறுக்கமாக இல்லாமல், கனத்த காலுறையோடு விரலை அசைக்க இடம் விட்டு இருக்கட்டும். சேலையோ வேட்டியோ வீட்டுக்குள் கட்டிக்கொள்ளலாம். பனியில் இறங்கும்போது நனைந்து காலைச் சுற்றும் துணி ஆபத்தானது. மெட்டியும் இறுகிய மோதிரமும் போட்டிருப்பவர்கள் வெளியே போகும் நாட்களில் அவற்றைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது என்பேன், ஏனென்றால் குளிரில் அடிபட்ட விரல் வீங்கும்போது அவை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

மருந்துகளைக் கைப்பையிலேயே வையுங்கள். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் மறுபடி உருகினாலும் அதைப் போடக் கூடாது. அதைப் பெட்டியில் போட்டு விமானச் சரக்கறைக்கு அனுப்புவதும், காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போவதும் தவறு. குளிரில் இரத்த அழுத்தம் கூடும் என்பதால், புறப்படுமுன் மருத்துவரிடம் காட்டி, மருந்துச் சீட்டின் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சிரைப்பு உள்ளவர்கள் வெளியே வந்தால் வாயையும் மூக்கையும் கம்பளித் துணியால் மூடியே மூச்சு விட வேண்டும்.

வீட்டுக்குள்

எச்சரிக்கை வந்த அன்றே அரிசி, பருப்பு, பால், குழந்தைக்கு வேண்டியவை, ஒரு வாரத்துக்கான மாத்திரைகள் எல்லாம் வீட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தால், சாலை மூடப்பட்டால் யாரை அழைப்பது, எந்த வழியில் போவது என்று மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். கடும் பனியில் நிர்வாகம் வாகனங்களுக்குத் தடை விதிப்பதுண்டு. அவசரத்துக்கு இரண்டு நாடுகளிலும் 911 என்ற எண்தான்.

ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று உலர்ந்து, உதடு வெடித்து, சிலருக்கு மூக்கில் இரத்தம்கூட வரும். ஈரப்பதம் தரும் கருவி இருந்தால் படுக்கையறையில் வையுங்கள். உதட்டுக்கும் காலுக்கும் வாசலின் தடவுங்கள். ஜன்னலோரம் வைத்த தேங்காயெண்ணெய் வெள்ளைக் கட்டியாக உறைந்து புட்டியைவிட்டு வராது. நல்லெண்ணெய் அப்படி இறுகுவதில்லை. இட்லி மாவு வெளியே வைத்தால் இரண்டு நாளானாலும் பொங்காது. சூடாக்காத ஓவனுக்குள் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை இரவு முழுவதும் உள்ளே வைத்தால், காலையில் நம் ஊரில் பொங்குவது போலவே பொங்கியிருக்கும். தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீர் குடிப்பதை விட்டுவிட வேண்டாம். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி ஃபிளாஸ்க்கில் இருந்தால் நாளெல்லாம் துணை.

பேரப்பிள்ளை விஷயத்தில் நம் வழக்கங்களில் சிலவற்றை அங்கே மாற்றித்தான் ஆக வேண்டும். குளிக்க வைத்தபின் சாம்பிராணி போடுவது, ஜன்னல் எல்லாம் மூடிய அந்த வீட்டில் பச்சைக் குழந்தையின் மூச்சுக்கு நல்லதன்று. புகை எச்சரிக்கை மணியும் அடித்துவிடும். குளிருமே என்று தொட்டிலில் போர்வையைப் போர்த்தி மூடக் கூடாது. காரில் குழந்தை இருக்கையில் உட்கார வைக்கும்போது, தடித்த கோட்டோடு வார்ப்பட்டையைப் பூட்டினால் பட்டை தளர்வாகவே நிற்கும், மோதலில் குழந்தை நழுவிவிடும். கோட்டைக் கழற்றிப் பட்டையைப் பூட்டி, அதன்மேல் போர்வையைப் போர்த்துங்கள்.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பற்றி. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாய் வீட்டுச் சுவரின் வெளிப்புறம் முடியும். பனி குவிந்து அதை அடைத்தால் அந்த வாயு வீட்டுக்குள்ளேயே தேங்கும். குழாய் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டு, அதைச் சுற்றிப் பனி சேராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மின்சாரம் போய்விட்டால் கேஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்வதும் கரி அடுப்பை உள்ளே மூட்டுவதும் உயிருக்கே ஆபத்து. எல்லோரும் ஒரே அறையில் கூடி, கதவிடுக்கில் துணி செருகி, போர்வைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே வெளியேறி 911ஐ அழைக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க, ஒரு குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து விடலாம்.

வெளியே போக நேர்ந்தால்

பனியின் மேல் குதிகாலை ஊன்றி எட்டி நடக்காதீர்கள். சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் பதிய நடந்து, கையைப் பையிலிருந்து வெளியே வைத்திருங்கள். தார்ச்சாலை வெறுமனே நனைந்ததுபோல் கறுப்பாகத் தெரிந்தால், அது கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலமாக இருக்கலாம். தூவும் உப்பும் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே பெரிதாக உதவாது; மணல்தான் பிடிப்பைத் தரும். மாப்பிள்ளை தனியாகப் பனி அள்ளுகிறாரே என்று மனம் பொறுக்காமல் ஷவலை எடுத்துக்கொண்டு இறங்கும் மாமனார்களுக்குச் சொல்கிறேன்: குளிரில் சுருங்கிய இரத்தக் குழாய்களோடு திடீரென்று அந்தக் கடும் வேலையைச் செய்வதால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மாரடைப்பில் பலர் இறக்கிறார்கள். அந்த உதவி வேண்டவே வேண்டாம்.

2022 டிசம்பர் 23ஆம் தேதி தொடங்கிய பனிப்புயலில் பஃபலோ பகுதியில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் சிலர் காரிலும் சிலர் தெருவிலும் கிடந்தார்கள். கார் பனியில் சிக்கிக்கொண்டால் இறங்கி நடக்காமல் உள்ளேயே இருங்கள். புகைபோக்கியை அடைத்த பனியை அகற்றிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓடவிட்டு, ஒரு ஜன்னலைச் சற்றே திறந்து வையுங்கள். குளிரில் செல்போன் மின்கலம் சட்டென்று தீர்ந்துவிடும் என்பதால் அதை உள்சட்டைப் பையில் வைப்பது நல்லது.

விரல், மூக்கு நுனி, காது மடல் வெளுத்து மெழுகு போலாகி உணர்விழந்தால் தேய்க்கவோ கணப்பில் காட்டவோ கூடாது. வீட்டுக்குள் வந்து வெதுவெதுப்பான நீரில் வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவருக்குப் பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கியதன் அடையாளம். ஈர உடையை மாற்றிப் போர்த்திவிட்டு, தாமதிக்காமல் உதவிக்கு அழைக்க வேண்டும்.

பனி நின்ற மறுநாள் வெயிலைப் பார்த்து வாசலில் நிற்கத் தோன்றும். கூரை ஓரத்தில் தொங்கும் பனிக்கட்டி ஈட்டிகளுக்குக் கீழே நிற்காதீர்கள். உறைந்ததுபோல் தெரியும் ஏரியின் மேல் யார் கூப்பிட்டாலும் கால் வைக்காதீர்கள். பகலில் உருகிய நீர் மாலையில் சீக்கிரமே இருட்டும்போது மறுபடி இறுகிவிடும் என்பதால், நடைப்பயிற்சியை நண்பகலை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரை நேரத்தைவிட நம் ஊர் பத்தரை மணி நேரம் முந்தியிருப்பதால், அங்கே காலை ஏழு மணிக்கு அழைத்தால் ஊரில் உறவினர்கள் மாலைக் காப்பியை முடித்துவிட்டுப் பேச ஓய்வாக இருப்பார்கள்.