பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவரைத் தேடுவது எப்படி

குமரி மாவட்டத்தில் பல பழைய வீடுகளில் ‘பட்டாளத்துக்குப் போனான், வரவே இல்ல’ என்று ஒரு கதை இருக்கும். எங்கள் வீட்டில் அது பாட்டியின் அண்ணன். இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் போய்ச் செத்தார், வயது இருபதோ இருபத்திரண்டோ, அவ்வளவுதான் தெரியும். அவரைத் தேடி நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை எழுதுகிறேன், உங்களுக்காவது அலைச்சல் மிச்சமாகட்டும்.

முதலில் இணையத்துக்குப் போகாதீர்கள், பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். தேட வேண்டியது படையெண், அதாவது பட்டாளத்தில் ஒவ்வொருவருக்கும் கொடுத்த எண். பென்ஷன் காகிதம், கடித உறை, பதக்கம் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம் (பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், சிலவற்றில் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள்). எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணியார்டர் துண்டு. கரையான் தின்றதுபோக மிச்சத்தில் ஐந்து இலக்கமும் ‘பயனியர்’ என்ற சொல்லும் இருந்தன. அதாவது துப்பாக்கிப் படை இல்லை, ரோடு போடவும் சுமை தூக்கவும் இருந்த பயனியர் கோர். வீட்டில் எழுபது வருஷமாகச் சொல்லிவந்த ‘மெஷின் கன் வச்சிருந்தாரு’ கதை அங்கேயே முடிந்தது.

அப்புறம் வயதானவர்களிடம் உட்காருங்கள். எந்த வருஷம் என்று கேட்டால் பதில் வராது. தந்தி வந்தது மண்டைக்காட்டுக் கொடைக்கு முன்னாலா பின்னாலா, கோட்டாறு சவேரியார் திருவிழா சமயமா என்று கேளுங்கள், பட்டென்று சொல்வார்கள். கொடை என்றால் மாசி, சவேரியார் என்றால் நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம். ஆனால் தந்தி வந்த நாள் இறந்த நாள் ஆகாது, இடையே வாரங்கள் போயிருக்கும், சில சமயம் மாதங்களே. பழைய ஜாதகத்திலோ பத்திரத்திலோ கொல்லம் ஆண்டு (திருவிதாங்கூரில் வழங்கிய மலையாள ஆண்டுக் கணக்கு) இருந்தால் 825 கூட்டுங்கள், ஆகஸ்ட் நடுவில் ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் வரைக்கும் மட்டும் 824. 1119 மாசி என்றால் 1944. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள், அப்பா பெயர் உறுதியாகிவிடும்.

சரி, இப்போது இணையம். 1917-ல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பட்டியல் இருக்கிறது, பார்க்கக் காசு இல்லை. இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருந்தபோது இறந்தவர்கள் எல்லாரும் வருவார்கள், குண்டடி பட்டவர் மட்டுமல்ல, மலேரியாவில் போனவரும்.

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் தோற்றுத் திரும்புவது. ‘கன்னியாகுமரி’ என்று தேடினால் பெரும்பாலும் ஒன்றும் வராது, 1949 வரை நாம் திருவிதாங்கூர், அதற்கப்புறம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் திருவாங்கூர் என்று போட்டுப் பாருங்கள், அல்லது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்று தாலுகா பெயரை. பெயர் எழுத்து இன்னொரு தலைவலி. செல்லையன் என்பதை ஒரு குமாஸ்தா ‘செல்லையா’ ஆக்கியிருப்பார், இன்னொருவர் ஒரு எல் போட்டிருப்பார், நம் ‘விளை’யில் முடியும் வீட்டுப்பெயரை எப்படி எழுதினார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். அதனால்தான் படையெண் வேண்டும் என்றேன். எனக்குப் பெயரால் மூன்று வாரம் கிடைக்காதது எண்ணால் ஒரு நிமிஷத்தில் கிடைத்தது.

பதிவில் ‘ரங்கூன் நினைவுச் சின்னம்’ என்று இருந்தால் அங்கே அவருக்குக் கல்லறை கிடையாது என்று அர்த்தம். மியான்மரில் தௌக்யான் கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கும் அந்தத் தூண்களில் ஏறத்தாழ 27,000 பெயர்கள், உங்கள் ஆளின் பெயர் எந்தத் தூண்முகத்தில் என்று எண் போட்டிருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். இந்துவாக இருந்து உடலை எரித்திருந்தால் தகன நினைவுச் சின்னத்தில் பெயர் இருக்கலாம், நாகாலாந்தில் கொஹிமாவில் அப்படி ஒன்று உண்டு. எப்படி இறந்தார் என்று மட்டும் இந்தப் பதிவில் எதிர்பார்க்காதீர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1962, 1965, 1971, கார்கில் என்று போனவர்களுக்கு வழியே வேறு. டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகத்தின் தளத்தில் பெயரைத் தேடலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் தலைமையகம் நீலகிரி வெலிங்டனில். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, நேரில் போவதானால் குடும்ப உறவைக் காட்டும் காகிதத்தோடு போங்கள், வெறுங்கையோடு போய் நான் ஒரு நாள் கூலியை விட்டேன்.

எழுத்துப் பிழையோ அப்பா பெயர் தப்போ இருந்தால் ஆதாரத்தோடு ஆணையத்துக்கு எழுதுங்கள், சரியென்று பட்டால் திருத்துவார்கள். நான் மணியார்டர் துண்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பாட்டிக்குப் பதிவைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தபோது முதலில் தேதியைத்தான் வாசிக்கச் சொன்னாள். ஜனவரி என்றேன். ‘அப்போ பொங்கலுக்கு நாங்க அவனுக்கு எழுதின லெட்டர் போய்ச் சேர்ந்திருக்காது’ என்றாள்.