மலேரியா நோயாளியிடம் ‘வெளியூர் போனீங்களா’ என்று மட்டும் கேட்காதீர்கள்

வேலூர் பக்கம் புதிதாகச் சுகாதார ஆய்வாளர் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளோடு சமீபத்தில் களத்துக்குப் போயிருந்தேன். மலேரியா உறுதியான ஒருவர் வீட்டில், கிருமி எங்கே தொற்றியது என்று விசாரணை. நாங்கள் சேர்ந்த புதிதில் கேட்ட அதே கேள்விகள், அதே அவசரம்.

ரத்த மாதிரி சிலைடு எண் மாறுவது, கதவு எண்ணைத் தப்பாக எழுதுவது இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. மேலதிகாரியிடம் இரண்டு முறை திட்டு வாங்கினால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

14 நாள் கணக்கு

என்னை இன்னமும் கடுப்பேற்றுவது இதுதான். கொரோனாவுக்கு அப்புறம் எல்லார் வாயிலும் 14 நாள். “கடைசி 14 நாள்ல வெளியூர் எங்கயாவது போனீங்களா?” “இல்ல சார்.” பேனா உடனே ‘உள்ளூர்த் தொற்று’ என்று எழுதிவிடும்.

கொசு கடித்ததும் கிருமி நேராகக் கல்லீரலுக்குப் போய் அங்கே பெருகும். ரத்தத்தில் இறங்கிக் காய்ச்சல் வர ஒரு வாரமாவது ஆகும். பால்சிபாரம் வகை மலேரியா என்றால் பெரும்பாலும் 9 முதல் 14 நாள், வைவாக்ஸ் வகை என்றால் 12 முதல் 18 நாள். ஆக, காய்ச்சலுக்கு முந்தின வாரம் அவர் எங்கே இருந்திருந்தாலும் இந்தக் காய்ச்சல் அங்கே பிடித்தது கிடையாது. நீங்கள் கேட்கிற 14 நாளில் பாதி வீண். வைவாக்ஸ் என்றால் வேண்டிய நாட்களில் பெரும்பகுதி அதற்கும் முன்னால் கிடக்கிறது. வைவாக்ஸ் கல்லீரலிலேயே மாதக்கணக்கில் தூங்கிவிட்டு மறுபடி கிளம்பும். அதற்கு ஒரு வருடமாவது பின்னால் போய்க் கேட்க வேண்டும்.

இதில் இன்னொரு கூத்து, கணக்கை விசாரணைக்குப் போன நாளிலிருந்து தொடங்குவது. நம்மூரில் காய்ச்சல் வந்தவர் முதலில் மெடிக்கலில் மாத்திரை வாங்குவார், அப்புறம் ஒரு கிளினிக்கில் ஊசி போடுவார், அதற்கும் அடங்காவிட்டால்தான் ரத்தப் பரிசோதனை. அதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். முதல் குளிர் நடுக்கம் வந்த நாள் எது என்று தெரிந்துகொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

பள்ளிகொண்டா பக்கத்து டிரெய்லர் டிரைவர் ஒருவர். பால்சிபாரம். முதலில் போன பையன் ‘பயணம் இல்லை’ என்று எழுதிவிட்டு வந்துவிட்டான். அதை நம்பி அந்தத் தெருவே அமளிப்பட்டது. வீடு வீடாக மருந்து தெளிப்பு, சின்டெக்ஸ் டேங்க் மேல் ஏறிக் கொசுப்புழு பார்ப்பது, பால்குடிக் குழந்தை முதல் பாட்டி வரை விரலில் குத்தி ரத்தம் எடுப்பது. ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் நான் போய் உட்கார்ந்தேன்.

“அண்ணே, இந்தப் பையன் வந்தப்ப எங்கயும் போவலன்னு சொன்னீங்களாமே?”

“எங்க சார் போறது? வண்டிதான் ஓட்டிக்கினு இருந்தேன்.”

வண்டி எங்கே போயிற்று என்றால், ராணிப்பேட்டையில் பாய்லர் பாகம் ஏற்றிக்கொண்டு சத்தீஸ்கர். இறக்க ஆள் வராமல் அங்கேயே பல ராத்திரி கிடந்திருக்கிறார். கேபினுக்குள் புழுக்கம் தாங்காமல் டிரெய்லருக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். சத்தீஸ்கரின் காட்டு மாவட்டங்கள் நாட்டிலேயே பால்சிபாரம் அதிகம் உள்ள பகுதிகளில் சேர்ந்தவை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது பயணமில்லை, பிழைப்பு. ஜவ்வாது மலையிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்குக் கர்நாடகா போய் வருகிறவரும் இதே பதிலைத்தான் சொல்வார்.

தெருவில் கொட்டிய மருந்து போனால் போகட்டும். பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்திருந்த கிளீனரை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அவர் ரத்தத்தைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும்.

அதனால் ‘எங்கே போனீங்க’ வேண்டாம். ‘ராத்திரி எங்கே படுத்தீங்க’ என்று கேளுங்கள். தேதி ஞாபகம் இல்லை என்பார்கள். குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்கு முன்னாடியா பின்னாடியா, ஆடிக் கிருத்திகைக்கு வீட்டில் இருந்தீர்களா என்று பிடித்தால் வந்துவிடும். லாரி என்றால் ஓனர் போனில் ஃபாஸ்டேக் மெசேஜ் தேதி வாரியாகக் கிடக்கும். ரயிலில் வந்தவர் என்றால் டிக்கெட் மெசேஜ்.

பகலில் சுற்றிய இடங்களைப் பட்டியல் போடுவது

அது டெங்குவுக்கு. மலேரியா பரப்புகிற அனாபிலிஸ் இரவில் கடிக்கிற கொசு.

வடக்கத்தி ஆள் என்றாலே ‘வெளியிலிருந்து வந்தது’

இது அந்த டிரைவர் விஷயத்தில் நடந்ததற்கு நேர் எதிர்த் தவறு. வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்காகக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். லாட்ஜில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். ஆதார் கார்டைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள். வந்து இரண்டு மாதம் கழித்துப் பால்சிபாரம் காய்ச்சல் என்றால், கடித்த கொசு இந்த ஊர்க் கொசுவாக இருக்கலாம். நகரத்தில் மலேரியா பரப்புகிற ஸ்டீபன்சி கொசுவுக்கு மூடாத மொட்டைமாடித் தொட்டி ஒன்று போதும்.

ஒருவேளை கிருமி வெளியிலிருந்தே வந்திருந்தாலும் லாட்ஜில் வேலை முடியவில்லை. கொசு அவரைக் கடித்து, கிருமி அதன் உடம்பில் முற்ற ஏறக்குறைய 10 நாளாவது ஆகும். அது அடுத்தவரைக் கடித்து அவருக்குக் காய்ச்சல் வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். மறுநாளே போய்ப் பக்கத்து அறைக்காரருக்கு ரத்தம் எடுத்து ‘இல்லை’ என்று எழுதினால் போதாது. ஒரு மாதம் கழித்து அதே லாட்ஜுக்கு மறுபடி போக வேண்டும்.

செல்போன் டவர் தகவலை அப்படியே நம்புவது

கென்யாவில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி செல்போன்களின் ஓராண்டு நடமாட்டத்தை மலேரியா வரைபடத்தோடு பொருத்திப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. விக்டோரியா ஏரிப் பக்கம் தொற்றியவர்கள் வழியாகக் கிருமி நைரோபிக்குப் போய்ச் சேர்வது அதில் தெரிந்தது. அருமையான வேலை. அதைப் படித்துவிட்டு இங்கே சிலர் நடமாட்டத்தை மட்டும் எடுத்து வரைகிறார்கள். வேலூரில் அப்படி வரைந்தால் சென்னைக்கும் பெங்களூருக்கும்தான் தடிமனான கோடு வரும். சத்தீஸ்கருக்கு நூல்போல ஒரு கோடு. போய்ப் படுத்த ஊரில் எவ்வளவு மலேரியா என்பதையும் பெருக்கிப் பார்த்தால்தான் அந்த நூல் தடிக்கும். அப்புறம், தொழிலாளர்களிடம் ஒரு போனை நாலு பேர் வைத்துக்கொள்வதும், மாநிலம் மாறியதும் சிம் மாற்றுவதும் உண்டு.

கூகுள் மேப்பில் வீட்டுக்கு மட்டும் புள்ளி வைப்பது

படுத்த இடத்துக்கும் வையுங்கள்.

அடுத்து எங்கே போகிறார் என்று கேட்காமல் விடுவது

வைவாக்ஸுக்குக் குளோரோகுயின் மூன்று நாள், அதோடு கல்லீரலில் ஒளிந்திருப்பதை அழிக்கப் பிரைமாகுயின் 14 நாள். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிடும். நாலாம் நாள் டிக்கெட் எடுத்துவிடுவார்கள். திரும்பிப் போகும் தேதி, இறங்கும் ஸ்டேஷன், வீட்டில் இன்னொருவர் போன் நம்பர் மூன்றையும் முதல் சந்திப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதிய மிச்ச மாத்திரையைக் கையில் கொடுத்து, அந்த மாவட்டத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டு வண்டி ஏற்றுங்கள்.