போர்க்காலத்தில் கணவனும் மனைவியும் எழுதிய கடிதங்களைக் காப்பது எப்படி

1983க்குப் பிறகு கலியாணம் செய்த ஈழத்தமிழர் பலருடைய இல்லறத்தில் சில ஆண்டுகள் கடிதத்திலேயே கழிந்தன. கணவர் கனடாவிலோ சுவிசிலோ அகதி வழக்கு முடியும் என்று காத்திருந்தார். மனைவி கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்து வலிகாமத்திலோ வன்னிப் பெருநிலத்திலோ இருந்தார். பிள்ளை நடக்கப் பழகியது, மாமியாரின் வருத்தம், உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் வழியாக) அனுப்பிய காசு வந்து சேர்ந்தது, சந்தேகம், கோபம், சமாதானம் எல்லாமே தாளில்தான் நடந்தன. அந்தக் கடிதங்கள் இன்று ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கின்றன. எழுதியவர்களுக்கு அறுபது, எழுபது வயதாகிவிட்டது. அவர்கள் இருக்கும்போதே இந்த வேலையைச் செய்துவிட வேண்டும்.

முதலில் அனுமதி

பெட்டியைத் திறப்பதற்கு முன் எழுதியவரிடம் கேளுங்கள். தாள் பெற்றவருக்குச் சொந்தம், எழுத்தின் உரிமை எழுதியவருக்கு. பதிப்புரிமைச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது: எழுதியவர் இறந்த பிறகு இலங்கையில் 70 ஆண்டும் இந்தியாவில் 60 ஆண்டும் அந்த உரிமை நீடிக்கும். சட்டம் இருக்கட்டும், அம்மா அப்பாவுக்கு எழுதிய வரியைப் பிள்ளை படிப்பதை அம்மா விரும்பாமல் இருக்கலாம். "இந்தக் கட்டைத் தொடாதே" என்றால் தொடக்கூடாது. எரிக்க வேண்டும் என்றால் அவசரப்படாமல் சில மாதம் பொறுத்து இன்னொரு முறை கேளுங்கள், ஆனால் முடிவு அவருடையது. பல வீடுகளில் ஒரு நடுவழி சரிவந்திருக்கிறது: அவரே படித்து, காட்டக்கூடியவை, மூடி வைக்க வேண்டியவை என்று இரண்டாகப் பிரித்துக் கொடுப்பார். மூடிய கட்டைப் படிக்காமலே பாதுகாப்பாக வைக்கலாம்.

வரிசையைக் குலைக்காதீர்கள்

கட்டை அவிழ்க்குமுன் மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். எந்தக் கடிதத்துக்கு அடுத்து எது இருந்தது என்பதே பல நேரம் திகதி இல்லாத கடிதத்துக்குத் திகதி சொல்லும். உறையையும் கடிதத்தையும் பிரித்து வைக்காதீர்கள். முத்திரையை வெட்டி எடுப்பது மிகப் பெரிய கேடு. முத்திரையோடு அஞ்சல் குறியும் போய்விடும், பின்பக்கத்து எழுத்தும் போய்விடும்.

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு வெறுங்கையால் பிடியுங்கள். துணிக் கையுறை மெல்லிய தாளின் ஓரத்தைக் கிழிக்கும். மேசையில் தேநீரும் பேனையும் இருக்கக்கூடாது. பென்சில் மட்டும், அதுவும் 2பி. ஒவ்வொரு கடிதத்தின் பின்பக்க மூலையிலும் மெதுவாக ஓர் எண் போடுங்கள்: 1, 2, 3. கடிதத்தோடு வந்த புகைப்படத்துக்கு 14-அ என்பதுபோல அதே எண்ணின் கிளை எண். படத்தைத் தனி உறையில் வைக்கலாம், ஆனால் எந்தக் கடிதத்தோடு வந்தது என்பது தொலையக்கூடாது. உள்ளே மடித்து வைத்த பத்திரிகைத் துண்டு இருந்தால் அதை எடுத்துத் தனியே வையுங்கள். பத்திரிகைத் தாளின் அமிலம் பக்கத்துத் தாளைப் பழுப்பாக்கும்.

குண்டூசி, கிளிப், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் நீக்குங்கள். துருப்பிடித்த ஸ்ரேப்ளர் ஊசியை இழுக்காமல், தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, கால்களை நிமிர்த்திக் கழற்ற வேண்டும்.

விரிப்பது

தாளே உறையாக மடியும் நீல நிற வான்கடிதம் (ஏரோகிராம்) பிரிக்கும்போதே ஓரங்களில் கிழிந்திருக்கும். மடிப்புக் கோட்டில் தாள் நைந்திருக்கும். அதைத் திரும்பத் திரும்ப மடித்து விரித்தால் மூன்று துண்டாகிவிடும். ஒருமுறை விரித்தால் விரித்தபடியே வைப்பது நல்லது. சுருண்ட தாளை இரண்டு சுத்தமான வெள்ளைத் தாளுக்கு இடையில் வைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை இரண்டு நாள் வையுங்கள். இஸ்திரிப் பெட்டி போடக்கூடாது, தண்ணீர் தெளிக்கக்கூடாது. ஊற்றுப்பேனை மை ஒரு துளி ஈரத்தில் கரைந்து ஓடிவிடும்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டில் பசை தாளுக்குள் ஊறி மஞ்சளாகும், நாடா உதிர்ந்துவிடும், கறை நிற்கும். லமினேட் செய்வது அதைவிடக் கேடு, அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. துண்டுகள் இருந்தால் ஒட்டாமல் ஒரே உறையில் போட்டு, படம் எடுக்கும்போது சேர்த்து வையுங்கள், போதும்.

வடக்குக்கு அரசு விதித்த பொருளாதாரத் தடைக் காலத்துக் கடிதங்களில் ஜாம் போத்தல் விளக்கின் கரி படிந்திருக்கும். பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த தாளில், ஓரம் விடாமல், நெருக்கி நெருக்கி எழுதியிருப்பார்கள். கரியை அழிறப்பரால் தேய்க்க வேண்டாம். அந்தக் கறையும் அந்தக் கடிதத்தின் பகுதிதான்.

படியெடுப்பது

ஸ்கேனர் இருந்தால் சாதாரண எழுத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். பென்சில் எழுத்துக்கும் பொடி எழுத்துக்கும் 600 வையுங்கள். நிறத்தில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் நீல மையும் பழுப்புக் கறையும் ஒன்றாகிவிடும். மூலப் பிரதி டிஃப் கோப்பாக இருக்கட்டும். 300 டிபிஐயில் ஒரு ஏ4 பக்கம் ஏறக்குறைய 26 எம்பி, 600இல் 100 எம்பிக்கு மேல். உறவினருக்கு அனுப்ப ஜேபெக் எடுத்துக்கொள்ளலாம்.

கைப்பேசியிலும் செய்யலாம். 12 மெகாபிக்சல் படத்தில் ஏ4 தாள் சட்டம் நிறைய இருந்தால் 300 டிபிஐக்கு மேலேயே கிடைக்கும். வெயில் நேராக விழாத யன்னல் ஓரத்தில், ஃபிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மூலப் பிரதியாக வைக்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும்.

வான்கடிதத் தாளில் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிந்து இரண்டும் வாசிக்க முடியாமல் போகும். தாளின் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து எடுங்கள். பின்பக்க எழுத்து பெருமளவு மறைந்துவிடும். மடிப்புக் காதுகள், வெளிப்பக்கம், அனுப்பியவர் முகவரி எல்லாவற்றையும் எடுங்கள். இடம் போதாமல் காதிலும் எழுதுவார்கள். சொல்லத் தயங்கிய விசயம் சில நேரம் அங்கேதான் இருக்கும்.

கோப்பின் பெயரில் திகதியை ஆண்டு-மாதம்-நாள் என்று இலக்கத்தில் எழுதி, பிறகு கடித எண்ணையும் பக்க எண்ணையும் சேர்த்தால் கணினி தானே வரிசைப்படுத்தும்: 1994-07-21_032_1. நாள் தெரியாவிட்டால் 1994-07-00. மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும்.

திகதி கண்டுபிடிப்பது

அஞ்சல் குறியை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். யாழ்ப்பாணத்தில் எழுதிய கடிதத்தைக் கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் அங்கே தபாலில் சேர்ப்பார். குறி கொழும்பு என்றிருக்கும், எழுதியது வாரங்களுக்கு முன்பாக இருக்கும். ஆகவே இரண்டு திகதியையும் தனித்தனியே குறித்து வையுங்கள்.

திகதியே இல்லாத கடிதத்தில் உள்ளே தடயம் தேடுங்கள். வலிகாமத்தை விட்டு மக்கள் மொத்தமாக வெளியேறியது 1995 ஒக்ரோபர் 30. அதற்குப் பிறகு முகவரி தென்மராட்சிக்கோ வன்னிக்கோ மாறும். "பழைய நேரம்", "புதிய நேரம்" என்று எழுதியிருந்தால் கடிதம் 1996 மே மாதத்துக்குப் பிறகு, 2006 ஏப்ரலுக்கு முன். அந்தக் காலத்தில் அரசு கடிகாரத்தை முன்னே தள்ளியிருந்தது, புலிகளின் பகுதியில் பழைய நேரமே ஓடியது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதையால் போய்வந்த கதை இயல்பாக வந்தால் பெரும்பாலும் 2002 ஏப்ரலுக்கும் 2006 ஓகஸ்டுக்கும் இடையில். திருவிழா, பிள்ளையின் வகுப்பு, பல் முளைத்தது எல்லாம் உதவும்.

தொலைந்த பாதி

இந்த வேலையில் எல்லோருக்கும் மனம் நோகும் இடம் இது. வெளிநாட்டுக்குப் போன கடிதங்கள் தப்பின. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தவை, ஐந்தாறு தடவை இடம்பெயர்ந்தவர்களின் வீட்டோடும் பங்கரோடும் போயின. ஆகவே உங்களிடம் இருப்பது பெரும்பாலும் மனைவியின் குரல். கணவர் ஒன்றுமே எழுதாதவர் போலத் தெரிவார், அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அவர் பாதியை ஓரளவு மீட்கலாம். ஒரு கொப்பியில் நான்கு நிரல் போடுங்கள்: இந்தக் கடிதத்தின் எண், அதில் குறிப்பிடப்படும் கடிதத்தின் திகதி, அவர் கேட்டது அல்லது சொன்னது, அவர் அனுப்பியது. "நீங்கள் 3ஆம் திகதி போட்டது நேற்றுத்தான் கிடைச்சுது. கால் நோவுக்கு டொக்டரிட்டைப் போனீங்களோ?" என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். தொலைந்த கடிதத்தின் திகதி, அது வந்துசேர எடுத்த நாள், அவருக்குக் கால் நோவு என்பது மூன்றும் அதில் கிடைத்துவிட்டன. சில தம்பதிகள் கடிதங்களுக்கு எண் போட்டு எழுதினார்கள். அப்படியானால் இடையில் தொலைந்தவை எத்தனை என்றே தெரிந்துவிடும். கொப்பி நிரம்பிய பிறகு அதைக் கணவரிடம் வாசித்துக் காட்டி, நினைவு வருவதை ஒலிப்பதிவு செய்யுங்கள். நேரே "என்ன எழுதினீர்கள்?" என்று கேட்டால் ஒன்றும் வராது. குறிப்பான ஒரு வரியைக் கேட்டால் வரும்.

எழுத்தைத் தட்டச்சு செய்யும்போது திருத்தாதீர்கள். "என்ரை", "இஞ்சேருங்கோ", "வடிவாச் சாப்பிடுங்கோ" எல்லாம் அப்படியே வரட்டும். உங்கள் ஊகத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். வன்னி எல்லையிலிருந்த தாண்டிக்குளத்தில் படையினரின் சோதனைக்குத் தப்ப வேண்டும் என்பதால் மறைத்து எழுதிய இடங்கள் இருக்கும். கோடையில் "இஞ்சை நல்ல மழை" என்றால் செல்லடியாக (எறிகணை வீச்சாக) இருக்கலாம். எழுதியவரிடமே கேளுங்கள்.

ஒலிநாடா

எழுதச் சோம்பலானவர்களும் பிள்ளையின் குரலைக் கேட்க ஏங்கியவர்களும் கசற்றில் பேசி அனுப்பினார்கள். கடிதத்தைவிட அவசரமாகப் படியெடுக்க வேண்டியது இதுதான். போடுவதற்கு முன் மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிடுங்கள், தவறிப் பதிவாகி அழியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் போடவே கூடாது, தெரிந்த ஆளிடம் கொடுங்கள். நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுப் பட்டை விழுந்திருந்தால் ஒலி மங்கலாகும். நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றலாம். 90 நிமிட நாடா 60 நிமிடத்தைவிட மெல்லியது, வேகமாகச் சுற்றினால் அறும். ஐசோபுறொப்பைல் அற்ககோலால் பிளேயரின் தலையைத் துடைத்து, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஸ்ரீரியோவில் சுமார் 1 ஜிபி பிடிக்கும். இருமலையும் சேவல் கூவுவதையும் வெட்ட வேண்டாம்.

வைக்கும் இடம்

ரின்னை விடுங்கள். அமிலமில்லாத தாளுறையும் அட்டைப் பெட்டியும் நல்லது. பிளாஸ்டிக் என்றால் பொலிப்புறொப்பிலீன். புளித்த வாசம் வரும் பிவிசி உறை மையை இழுத்துவிடும். ஓர் உறையில் இருபது கடிதத்துக்கு மேல் திணிக்காதீர்கள். ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அது அடிக்கடி தாண்டும். வெளிச்சுவரில் சாயாமல், தரையிலிருந்து ஒரு சாணாவது உயரத்தில், காற்றோடும் அலுமாரியில் வையுங்கள். கனடாவில் பேஸ்மென்ற் வேண்டவே வேண்டாம். பூச்சி உருண்டை உடம்புக்கும் ஆகாது, படத்துக்கும் ஆகாது. இராமபாணப் பூச்சி தெரிந்தால், தாள் கடிதங்களை மட்டும் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 பாகையில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்து ஒரு நாள் கழித்தே பையைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் தாள் வியர்த்துவிடும்.

'நூலகம்' என்ற பெயருள்ள எண்ணிம நூலகம் போன்ற காப்பகத்துக்குப் படிகளைக் கொடுக்க விரும்பினால், கடிதத்தில் வரும் அயலவர் பெயர்களைப் பாருங்கள். யார் இயக்கத்துக்குப் போனார், யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்ற வரி இன்றும் ஒருவருக்கு ஆபத்தாகலாம். அந்தப் பக்கங்களை இத்தனை ஆண்டு திறக்கக்கூடாது என்று எழுத்தில் நிபந்தனை வையுங்கள்.

கணவர் காணாமற்போயிருந்தால்

அப்போது அந்தக் கட்டு சாட்சியும் ஆகிறது. தடுப்புக் காவலிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் வந்த செய்திப் படிவத்தில் குடும்பச் செய்தி மட்டுமே எழுத விடுவார்கள், ஆகவே உள்ளே ஒன்றும் இராது. ஆனால் திகதியும், எண்ணும், அவர் கையெழுத்தும் இருக்கும். அந்த நாளில் அவர் உயிரோடு இருந்தார், எழுதினார் என்பதைக் காட்ட அது உதவும். இருபக்கமும் படியெடுங்கள். 2016ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்திலோ, வேறு ஆணைக்குழுவிலோ, சட்டத்தரணியிடமோ கேட்டால் பிரதியைக் கொடுங்கள். மூலத்தைக் காட்டி ஒப்பிடச் செய்து, கையோடு திரும்ப வாங்கி வாருங்கள். மூலத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நின்றால், எத்தனை தாள், எந்தத் திகதிக் கடிதம், பெற்றவர் பெயரும் பதவியும், திருப்பித் தரும் நாள் ஆகியவற்றை எழுதி ஒப்பமும் முத்திரையும் வாங்காமல் கையைவிட்டுப் போகவிடாதீர்கள்.