வெலிங்டனில் இரண்டு நாள்: முன்னாள் படைவீரர் குடும்பச் சந்திப்பைத் திட்டமிடும் முறை

ஒரே பட்டாலியனில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களைக் குடும்பத்தோடு கூட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் மண்டபத்திலிருந்தோ சாப்பாட்டுப் பட்டியலிலிருந்தோதான் தொடங்குகிறார்கள். நான் வேறோர் இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். உங்கள் பெயர்ப் பட்டியலை எடுத்து, வருவதற்கு மிகவும் சிரமப்படக்கூடிய மூன்று பேரை அதில் முதலில் தேடுங்கள். கணவரை இழந்து தனியாக வர வேண்டிய ஒரு பெண்மணி, காலை இழந்தவரோ மூச்சிரைப்பு உள்ளவரோ ஒருவர், ஏதோவொரு வங்கி வாசலில் காவலராக வேலை பார்க்கும் முன்னாள் சிப்பாய் ஒருவர். இந்த மூவரும் வந்து, மனம் நிறைந்து, பத்திரமாக வீடு திரும்ப என்னென்ன வேண்டுமோ அவற்றை முதலில் ஏற்பாடு செய்துவிட்டால், மற்றவர்களுக்கு வேண்டியவை அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றுகூடும் இடம் எது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. 1758-இல் வேர்விட்ட அந்தப் படைப்பிரிவின் பயிற்சி மையம் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கிறது. தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் என்று எல்லோரும் பதினெட்டு, பத்தொன்பது வயதில் தகரப் பெட்டியோடு வந்து இறங்கி, குளிரில் நடுங்கியபடி முதல் அணிவகுப்பில் நின்ற மண் அது. இங்கே நான் சொல்வது வெலிங்டனில் நடக்கும் சந்திப்பை மனத்தில் வைத்தே. வேறு படைப்பிரிவினர் தங்கள் மையம் இருக்கும் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

தேதியைக் குறிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. குன்னூர்ச் சரிவில் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவதும் மலை ரயில் ரத்தாவதும் அடிக்கடி நடப்பவை. ஆகவே 1971-இல் பாகிஸ்தானுடனான போரில் வென்ற டிசம்பர் 16 வெற்றி நாளை ஒட்டி நடத்த வேண்டும் என்ற ஆசை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், எழுபது வயதைக் கடந்த 1971-ஆம் ஆண்டு வீரர்களை அந்த மழையில் மலையேற்றுவது சரியல்ல. ஏப்ரல், மே மாதங்களில் கோடைக்கூட்டம் நெருக்கும். மீதமிருப்பவற்றில் பிப்ரவரியின் பிற்பகுதியும் மார்ச்சின் முதல் பாதியும் எனக்கு மிகவும் பிடித்தவை. உறைபனி விலகியிருக்கும், மழை பெரும்பாலும் இருக்காது. பள்ளித் தேர்வு நெருங்கும் காலம் என்பதால் பிள்ளைகளின் தேர்வு அட்டவணையை மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சனி, ஞாயிறு என்றால் எல்லோருக்கும் விடுமுறை என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். பதினைந்து, பதினேழு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு நாற்பது வயதுக்குள் வெளியே வந்த சிப்பாய்களில் பலர் இன்று காவல் பணியிலும் ஓட்டுநர் பணியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஆள் பற்றாக்குறை உள்ள நாள். பதிலாள் ஏற்பாடு செய்துகொள்ள அவர்களுக்கு நேரம் வேண்டும். ரயிலில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பிருந்துதான் திறக்கிறது. இவை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், குறைந்தது நான்கு மாதம் முன்பே தேதியை அறிவித்து, அதற்குப் பிறகு எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாமல் இருப்பதே முறை. ஒருவருடைய வசதிக்காக ஒருமுறை தேதியை மாற்றினால், விடுப்புச் சொல்லிவிட்ட பத்துப் பேர் அமைதியாக விலகிவிடுவார்கள். ஏன் வரவில்லை என்று சொல்லவும் மாட்டார்கள்.

ஆட்களைத் தேடும்போது வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். குழுவில் இருப்பவர்கள் ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்கள்தாம்; நாம் தேட வேண்டியது தொடர்பு அறுந்தவர்களை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும், ராணுவக் கேன்டீனிலும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸின் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்திலும் ஓர் அறிவிப்பை ஒட்ட அனுமதி கேளுங்கள். ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்று கொடுக்க வரும் நவம்பர் மாதம் இதற்கு நல்ல தருணம். நம் ஆட்கள் ஐந்து மாநிலங்களில் இருப்பதால், எழுதிய அழைப்போடு நிறுத்தாமல், பட்டாலியனில் நம் பிரிவாக இருந்த பழைய கம்பெனியின் ஹவில்தார் மேஜரைக் கொண்டு குரல் பதிவாகவும் அனுப்புங்கள். முப்பது ஆண்டு கழித்து அந்தக் குரல் “தம்பி, வந்து ஆஜராகணும்” என்று சொல்லும்போது கிளம்பாமல் இருப்பவர் குறைவு.

பட்டியலைப் பற்றி ஒன்றை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாங்கள் நடத்திய முதல் சந்திப்பில், பதிவு மேசையில் ஒரு நண்பரின் மகனை உட்கார வைத்திருந்தோம். நல்ல பையன், எல்லோரையும் எழுந்து நின்று வரவேற்றான். காலை ஒன்பது மணிக்கு ஓர் அம்மா மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி தனியாக வந்து நின்றார். பையன் பெயரைக் கேட்டு, பட்டியலில் அவர் கணவர் பெயரைக் கண்டுபிடித்து, “சார் பின்னால வர்றாங்களாம்மா?” என்று கேட்டுவிட்டான். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் பைக்குள்ளிருந்து கண்ணாடிச் சட்டமிட்ட புகைப்படத்தைப் பாதி வெளியே எடுத்துக் காட்டினார். சீருடையில் எங்கள் ஹவில்தார். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பட்டியலைத் தயாரித்த எங்களில் எவரும் அதைக் குறித்து வைக்கவில்லை. பையன் மீது பிழை இல்லை, பிழை எங்களுடையது.

அதிலிருந்து, சந்திப்புக்கு ஒரு மாதம் முன்பு பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசுகிறோம். யார் வருகிறார்கள், யார் மறைந்தார்கள், யாருக்கு மாடி ஏற முடியாது, யாருக்கு இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்று தனித்தனிக் கட்டத்தில் குறிக்கிறோம். கணவரை இழந்த பெண்களுக்கு ஒரு துணை ஏற்பாடு செய்கிறோம். அவர் கணவரோடு ஒரே செக்‌ஷனில் இருந்தவரும் அவருடைய மனைவியும் மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்திலேயே “அண்ணி, வாங்க” என்று எதிர்கொண்டு, திரும்ப ரயிலேற்றும்வரை கூடவே இருப்பார்கள். பதிவு மேசையில் வருபவர்களை அறியாத இளைஞர்களோடு, முகம் தெரிந்த ஒரு மூத்தவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

தங்குமிடம் பார்க்கப் போகும்போது அறைகளின் அழகைப் பார்க்காமல் படிகளை எண்ணுங்கள். குன்னூரில் பல விடுதிகள் சரிவில் கட்டப்பட்டவை. சாலையிலிருந்து வரவேற்பறைக்கே முப்பது படி இறங்க வேண்டியிருக்கும். தரைத்தள அறைகள் எத்தனை, கழிப்பறை மேல்நாட்டு முறையா, கைப்பிடி உண்டா, வெந்நீர் எந்த நேரத்தில் வரும் என்பவற்றை நேரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் என்பதால் இரவுக் குளிர் மூச்சிரைப்பு உள்ளவர்களை வாட்டும். கூடுதல் கம்பளிக்கும், முடிந்தால் அறைச் சூடாக்கிக்கும் முன்பே சொல்லிவையுங்கள். குன்னூர் அரசு லாலி மருத்துவமனைக்கும் வெலிங்டன் ராணுவ மருத்துவமனைக்கும் உங்கள் விடுதியிலிருந்து எத்தனை நிமிடம் என்பது ஏற்பாட்டாளர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரவில் ஓட்டக்கூடிய ஒரு வாகனமும், அன்றைக்கு ஒரு சொட்டும் குடிக்காத ஓட்டுநரும் தயாராக இருக்க வேண்டும்.

வெளி மாவட்ட வாகனங்கள் நீலகிரிக்குள் வர 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். வாடகை வேனுக்கு அதை யார் எடுப்பது என்பதை முன்பே பேசிவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் மாவட்டத்தில் தடை உண்டு என்பதால் எவர்சில்வர் புட்டி கொண்டுவரச் சொல்லுங்கள். சோதனைச் சாவடியில் அபராதம் கட்டிவிட்டு மனம் கசந்து வருபவர்களைச் சமாதானப்படுத்துவது கடினம்.

போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பதுதான் சந்திப்பின் உயிர். அதற்கு மையத்தின் அனுமதி வேண்டும் என்பதால், இரண்டு மாதம் முன்பே நாள், நேரம், வருவோர் எண்ணிக்கை, வாகன எண்கள் எல்லாவற்றையும் குறிப்பிட்டு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு முன்னாள் வீரரும் தம் அடையாள அட்டையையும், குடும்பத்தினர் ஆதார் அட்டையையும் கையில் வைத்திருக்க வேண்டும். எங்கே படம் எடுக்கலாம், எங்கே கூடாது என்பதை வாகனத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். பதக்கம் அணிந்து வரச் சொல்லுங்கள். மறைந்தவரின் பதக்கத்தை அவர் மனைவியோ பிள்ளையோ வலப்பக்கம் அணிந்து வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனெனில் பலருக்கு அது தெரியாது. நிற்க முடியாதவர்களுக்கு முதல் வரிசையில் நாற்காலி போடுங்கள். மலர்வளையம் வைப்பவர் கட்டாயம் உயர்ந்த பதவியில் இருந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நாங்கள் வந்திருப்பவர்களிலேயே மூத்த சிப்பாயையும் ஒரு வீரரின் மனைவியையும் சேர்ந்து வைக்கச் சொல்கிறோம். அந்த மௌனத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் தொண்டை அடைக்க “வீர மதராஸி” என்று ரெஜிமென்ட்டின் போர்முழக்கத்தைத் தொடங்க, “அடி கொல்லு, அடி கொல்லு” என்று நாற்பது குரல்கள் எழும்போது, தாத்தாவைச் சாய்வு நாற்காலியில் மட்டுமே பார்த்திருக்கும் பேரப்பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

சனிக்கிழமைப் பிற்பகலை நிகழ்ச்சிகளால் நிரப்பாதீர்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று மூன்று மணி நேரம் உட்கார வைத்த சந்திப்புகளைப் பார்த்திருக்கிறேன். இருபது ஆண்டு கழித்துப் பார்த்த நண்பனிடம் பேச முடியாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உரைகள் எல்லாம் சேர்ந்து முப்பது நிமிடம் போதும். பிறகு தேநீரையும் பழைய புகைப்படங்களையும் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். இலங்கையிலும் கார்கிலிலும் சியாச்சினிலும் இருந்தவர்களை மேடைக்கு அழைத்து அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று வற்புறுத்த வேண்டாம். சொல்ல விரும்புபவர் தானாகவே, பெரும்பாலும் இரவில், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்.

அதே நேரத்தில் ஓர் ஓரமாக உதவி மேசை ஒன்று போடுங்கள். சந்திப்பால் விளையும் நிலையான பயன் இங்கேதான் இருக்கிறது. படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் பழகிய ஒருவரும், பழைய கம்பெனி கிளார்க் ஒருவரும் மடிக்கணினியோடு உட்காரட்டும். படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் மனைவியின் பெயர் “செல்வி” என்றும் ஆதாரில் “தமிழ்ச்செல்வி” என்றும் இருப்பது சாதாரணமாகத் தோன்றும். கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நிற்பதற்கு அந்த ஒரு வேறுபாடே காரணமாகிவிடும். வீரர் உயிரோடு இருக்கும்போது திருத்துவது எளிது. ஆகவே டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை, இருவரின் ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகலைக் கொண்டுவரும்படி அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்து விளக்குங்கள், ஏனென்றால் பின்னொரு நாள் அந்தக் காகிதங்களோடு அலையப்போவது பெரும்பாலும் அவர்தான். கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை பற்றியும் அங்கேயே சொல்லலாம்.

இரவு விருந்து படாகானா. படையில் அந்த விருந்தின்போது அதிகாரிகள் ஜவான்களுக்குப் பரிமாறுவது வழக்கம். நம் சந்திப்பில் அதை ஒரு படி நகர்த்தி, வீரர்கள் எல்லோரும் கரண்டி பிடித்து மனைவிமார்களுக்குப் பரிமாறும்படி செய்யுங்கள். கணவன் எல்லையில் இருந்த ஆண்டுகளில் மாமியார் மருத்துவச் செலவையும் பிள்ளை படிப்பையும் தனியாகச் சமாளித்தவர்கள் அவர்கள். ஆட்டுக்கறி, பூரி, சப்ஜியோடு சர்க்கரை நோயாளிகளுக்கென்று சப்பாத்தியும் உப்புக் குறைந்த பருப்பும் தனியாக இருக்கட்டும். எட்டு மணிக்குள் பந்தியைத் தொடங்கிவிடுங்கள். ரம்மைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. குடும்பங்கள் இருக்கும் கூடத்தில் வேண்டாம், விடுதியின் அனுமதியும் சட்டமும் என்ன சொல்கின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள், குடிப்பழக்கத்தை விட்டவரை யாரும் வற்புறுத்தக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு காலையில் வெலிங்டன் நிலையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த தடம் என்பதால் சீட்டுக்கு எப்போதும் தட்டுப்பாடு உண்டு. கிடைக்காதவர்களுக்கு வேன் இருக்கட்டும். வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் 2008 ஜூன் 27 அன்று காலமான, 1971 போரின்போது தரைப்படைத் தளபதியாக இருந்த ஃபீல்ட் மார்ஷல் மானெக்‌ஷா ஊட்டியின் பார்சி கல்லறைத் தோட்டத்தில்தான் உறங்குகிறார். 1971-இல் போரிட்டவர்கள் வந்திருந்தால், அனுமதி பெற்று அவர்களை மட்டுமாவது அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, பதவி வேறுபாடின்றி ஒரே தொகை, இருவர் கையெழுத்திடும் தனி வங்கிக் கணக்கு, கணவரை இழந்தவர்களிடம் பணம் வாங்காமை என்ற மூன்றும் போதும். கூடுதலாகக் கொடுக்க விரும்பும் அதிகாரிகளின் தொகையைப் பெயர் அறிவிக்காமல் பொதுக் கணக்கில் சேருங்கள். திங்கட்கிழமை வரவு செலவை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். அந்த வாரத்துக்குள், உதவி மேசையில் எழுதிய குறைகள் ஒவ்வொன்றும் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைச் சம்பந்தப்பட்ட குடும்பத்துக்குத் தெரிவியுங்கள். பழைய ஆல்பங்களைப் பார்க்கும்போது மறைந்த தோழரின் முகம் எந்தப் படத்திலாவது தென்பட்டிருந்தால், அதைப் பெரிதாக்கி, பின்பக்கத்தில் இடத்தையும் ஆண்டையும் எழுதி, அவர் வீட்டுக்குத் தபாலில் அனுப்புங்கள். மஞ்சள் பையோடு வந்த அந்த அம்மாவுக்கு நாங்கள் அனுப்பிய படத்தில் ஹவில்தார், லங்கர் எனப்படும் படைச் சமையற்கூடத்தின் வாசலில் தேநீர்க் குவளையோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்; சிரிக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இருந்ததில்லை என்று அவர் தொலைபேசியில் சொன்னார்.