வீட்டுல நோயாளிக்கு நோயில்பூசுதல் குடுக்கணுமா? ஃபாதரை எப்பக் கூப்பிடணும், என்ன ரெடி பண்ணணும்

நம்ம பாம்பன் தங்கச்சிமடம் பக்கம் நோயில்பூசுதல, அதாவது கத்தோலிக்க சாமியார் நோயாளிக்கு ஜெபம் சொல்லி மந்திரிச்ச எண்ணெய் பூசுற திருவருட்சாதனத்த, வயசானவங்க இன்னும் அவஸ்தை பூசுறதுன்னுதான் சொல்லுவாங்க, அதனாலயே சாமியார் வாசல்ல வந்து நின்னா ஆளு முடிஞ்சிட்டாருன்னு தெருவே நெனச்சிக்கும். எங்க தாத்தாவுக்கு அந்த பயத்துலயே தள்ளித்தள்ளிப் போட்டோம், கடைசியில ஃபாதர் வந்தப்போ தாத்தாவுக்கு நினைவே இல்ல. எண்ணெய் பூசுனாரு, ஆனா பாவசங்கீர்த்தனமும் (ஃபாதர்ட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்புக் கேக்குறது) இல்ல நன்மையும் (பூசையில குடுக்குற அப்பம்) இல்ல. ஒரு ஞாயிறு பூசை விடாத மனுசன். இன்னைக்கும் மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

இது சாகப்போறவங்களுக்கு மட்டும் உள்ளது இல்லைங்க. பெரிய வியாதி, பெரிய ஆபரேஷன், வயசாகி ரொம்பத் தளர்ந்தவங்க, எல்லாருக்கும் குடுக்கலாம், நோய் முத்துனா திரும்பவும் குடுக்கலாம். சிஸ்டர் நன்மை கொண்டுவந்து குடுப்பாங்க, உபதேசியார் (கோயில்ல சாமியாருக்கு உதவியா ஞானோபதேசம் சொல்லித்தர்றவரு) ஜெபம் சொல்லுவாரு, ஆனா பூசுறது குருவானவரால மட்டும்தான் முடியும், ஏன்னா இதுல பாவ மன்னிப்பும் இருக்கு.

பங்குச் சாமியாருக்கு நேரா போன் பண்ணுங்க, சாமியார் தங்காத கிளைக் கிராமம்னா உபதேசியார்ட்ட சொல்லிவிடுங்க. நினைவு இருக்கா, பேசுவாங்களா, முழுங்க முடியுமா, இந்த மூணையும் சொல்லிருங்க. மீன்பிடி போட்டு கடலுக்குப் போகாத நாளா கேட்டா ஆம்பளப் புள்ளைங்களும் பக்கத்துல இருக்கலாம். அவசரம்னா ராத்திரின்னு தயங்காதீங்க, அதுக்குத்தான் அவரு பங்குல இருக்காரு.

கட்டில் பக்கத்துல ஒரு ஸ்டூல், மேல வெள்ளத்துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு உள்ள சிலுவை), மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணி, கொஞ்சம் பஞ்சு, போதும். நம்ம ஊர் காத்துக்கு திரி நிக்காது, ஜன்னலச் சாத்தி ஃபேனை நிறுத்திருங்க. நன்மைக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சாப்பிடாம இருக்கணும்ங்கறது நோயாளிக்கும் கூட இருந்து பாத்துக்கிறவங்களுக்கும் கிடையாது, அதனால நோயாளிய பட்டினி போடாதீங்க. முழுங்க முடியலன்னா சின்னத் துணுக்கு அப்பம் வச்சு ஒரு வாய் தண்ணி குடுக்கலாம்.

பாவசங்கீர்த்தனத்துக்கு எல்லாரும் வெளிய வந்துரணும். காது கேக்காதவங்க சத்தமாதான் சொல்லுவாங்க, திண்ணையில நிக்காம தெருவுக்கே போயிருங்க, டிவியயும் அமத்துங்க. அப்புறம் உள்ள வந்து கூடவே ஜெபம் சொல்லுங்க. ஃபாதர் தலைமேல கைய வச்சு பேசாம ஜெபிப்பாரு, பெறகு சின்ன டப்பாவுல இருக்குற எண்ணெயத் தொட்டு நெத்தியிலயும் ரெண்டு உள்ளங்கையிலயும் பூசுவாரு. நோயாளி கை மூடியே இருந்தா நீங்க மெதுவா விரலப் பிரிச்சுப் புடிங்க. அந்த எண்ணெய் ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துல ஆயர் (பிஷப்) மந்திரிச்சுக் குடுக்குறது, நம்ம கடற்கரைக்கு 1987ல இருந்து சிவகங்கை மறைமாவட்டம்தான்.

இதுக்குன்னு கட்டணம் எதுவும் கிடையாது, காசில்லன்னு யாரும் கூப்பிடாம இருக்க வேணாம்.

செத்தவங்களுக்குப் பூச மாட்டாங்க, ஜெபம் மட்டும்தான். ஆனா உயிர் இருக்கா இல்லையான்னு சந்தேகமா இருந்தாக்கூட பூசலாம், அதனால நீங்களா முடிஞ்சிருச்சுன்னு முடிவு பண்ணி போனை கீழ வச்சிராதீங்க.