அறிவியலை மக்களிடம் கொண்டுபோகிறீர்களா? முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

முதல் தடவை பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் அறுபது ஸ்லைடுகளோடு போய், ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது என்று மூச்சுவிடாமல் பேசித் தீர்ப்பார்கள். நானும் செய்திருக்கிறேன். முன்வரிசையில் ஒரு சிறுமி இரண்டு மூன்று முறை கையைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டாள், ஏனென்றால் "கேள்விகளைக் கடைசியில் கேளுங்கள்" என்று ஆரம்பத்திலேயே சொன்னது நான்தான். கடைசியில் நேரம் இல்லை.

மக்களுக்குத் தகவல் பற்றவில்லை, நாம் போய் ஊற்றினால் நிரம்பிவிடும் என்ற நினைப்புதான் இதற்கெல்லாம் வேர். இது எவ்வளவு தூரம் சறுக்கும் என்பதற்கு பிரையன் வின் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்த ஒரு சம்பவம் போதும். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, மழையோடு வந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் படிந்தது. ஆடு விற்பனைக்குத் தடை போட்ட அரசு, மூன்றே வாரத்தில் சரியாகிவிடும் என்றது. அந்தக் கணக்குக் களிமண்ணை வைத்துப் போட்டது; களிமண் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அந்த மலையில் இருந்ததோ அமிலத்தன்மை கொண்ட மக்கு மண், அதில் சீசியம் புல்லுக்கு ஏறி, புல்லிலிருந்து ஆட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு பரிசோதனைக்காக ஆடுகளை வேலிக்குள் அடைத்தார்கள். "மலையில் திரிந்து மேய்கிற ஆடு, அடைத்தால் இளைத்துப்போகும்" என்று மேய்ப்பவர்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை, பரிசோதனையும் பாதியில் கைவிடப்பட்டது. கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2012இல். ஆகவே எங்கே போனாலும், அங்கிருப்பவர்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல், அதற்கேற்பத் திட்டத்தையும் மாற்றுங்கள்.

வானம் காட்டப் போகிறவர்கள் பௌர்ணமியன்று நாள் குறிப்பதும் அடிக்கடி நடக்கிறது. முழுநிலாவில் வெளிச்சம் நேராக விழுவதால் பள்ளங்களின் நிழலே தெரியாது, நிலா வெறும் வெள்ளைத் தட்டாக இருக்கும். வளர்பிறை அரைநிலாவில் காட்டிப் பாருங்கள், இருளும் ஒளியும் சந்திக்கிற கோட்டில் பள்ளங்கள் குழிகுழியாக எழுந்து நிற்கும். குழந்தைகள் ஏறி நிற்க ஒரு ஸ்டூல் வேண்டும், இல்லாவிட்டால் எட்டாத குழந்தை தொலைநோக்கியையே பிடித்து இழுக்கும். பூமி சுற்றுவதால், தானாகப் பின்தொடரும் மோட்டார் இல்லாத தொலைநோக்கியில் சனி ஓரிரு நிமிடத்தில் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். அடுத்து வருகிறவர் வெறும் கறுப்பைப் பார்த்துவிட்டு, கூச்சத்தில் "ஆமாம், தெரிகிறது" என்று சொல்லிவிட்டுப் போவார். அவரிடம் "எப்படி இருக்கிறது, வளையம் தெரிகிறதா?" என்று கேளுங்கள், உண்மை வெளியே வரும். (சூரியனைக் காட்டுவதானால் வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயில்தான் இருக்க வேண்டும், கண் வைக்கிற பக்கத்தில் அல்ல. இதில் விளையாட்டே கூடாது.)

சமையல் சோடாவும் வினிகரும் பொங்குகிற "எரிமலை" எனக்குப் பிடிக்காது. கைதட்டல் கிடைக்கும், சரி, ஆனால் எரிமலைக்குள் ஏதோ அமிலம் கொட்டுகிறது என்ற எண்ணத்தோடு குழந்தை வீட்டுக்குப் போகும். உண்மையில் பாறைக்குழம்பு மேலே வரும்போது அழுத்தம் குறைந்து, அதில் கரைந்திருக்கும் வாயு பிரிந்து பொங்குகிறது. குலுக்கித் திறந்த சோடா பாட்டில் அதற்கு எவ்வளவோ பக்கத்தில் இருக்கிறது.

"தெரியாது" என்று சொல்ல வெட்கப்பட்டுச் சமாளிப்பதும் தவறுதான். 2007இல், விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்களே பார்த்து வகைப்படுத்துகிற கேலக்ஸி ஜூ என்ற திட்டத்தில் தன்னார்வலராகப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஒரு விண்மீன் மண்டலத்துக்கு அருகே இருந்த விசித்திரமான திட்டைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை, அப்படியே ஒப்புக்கொண்டு தேடத் தொடங்கினார்கள். அது பிரம்மாண்டமான ஒரு வாயு மேகம், இன்று அது அவர் பெயரோடுதான் அழைக்கப்படுகிறது.

இன்னொன்று, மக்களைப் பறவை எண்ணச் சொல்கிறோம், கிணற்று நீர்மட்டம் அளக்கச் சொல்கிறோம், அவர்கள் நிரப்பிய தாளை வாங்கிக்கொண்டு போன நாம் திரும்பி வருவதே இல்லை. அடுத்த முறை கேட்டால் யார் அளப்பார்கள்? அறிக்கை அச்சாகும்வரை காத்திருக்க வேண்டாம். அவர்கள் அளந்த எண்களை ஒரு பெரிய தாளில் வரைபடமாக்கி, அவர்கள் கூடுகிற இடத்தில் ஒட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா நில்லுங்கள்.